சற்றே மெலிந்த சரீரம்

ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்தால் எங்கள் வீட்டில் முதலில் பிரிபடுவது கல்யாண விளம்பரப் பக்கம்தான். பேரனுக்குப் பெண் தேடுகிறார்கள். மருமகள் ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பாள். நான் காதில் விழாதவன் மாதிரி காபியை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போன வாரம் ஒரு விளம்பரம். "மெலிந்த உடல்வாகும் நற்குணமும் உடைய பெண் தேவை." எனக்குக் காபி புரையேறிவிட்டது.

"அதை இன்னொரு தரம் படி" என்றேன்.

"என்னப்பா, மெலிஞ்ச பொண்ணுதான் வேணுமாம். எல்லாரும் இப்ப அதைத்தானே கேக்கறா" என்றாள் மருமகள், மிகச் சாதாரணமாக.

கேட்கிறார்களாம்! அச்சடித்து ஊர் முழுக்க அனுப்பிக் கேட்கிறார்களாம்! அந்த ஒரு வார்த்தையை இருபத்துமூன்றாவது வயதில் எழுதிவிட்டு அன்றிலிருந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எனக்கு என்பது கூடப் பொய். பட்டவள் வேறொருத்தி. உங்களிடம் சொல்வதற்கு என்ன, கேளுங்கள்.

அந்தக் காலத்தில் விளம்பரமெல்லாம் கிடையாது. ஜாதகம் பொருந்திவிட்டால் பிள்ளை வீட்டார் பெண் இருக்கும் ஊரில் தெரிந்தவர் யார் என்று தேடிப்பிடித்து ஒரு கடுதாசி போடுவார்கள். "இன்ன தெருவில் இன்னாருடைய பெண்ணைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் அந்தரங்கமாக விசாரித்துத் தெரிவிக்கவும்." பெண் வீட்டாரும் பிள்ளையைப் பற்றி அப்படியே எழுதுவார்கள். ஒருவரை நம்பி எழுதிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். ரெண்டு பேருக்காவது எழுதி, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு உரசிப் பார்ப்பார்கள். யாரிடம் கேட்டார்கள், அவர் என்ன எழுதினார் என்பது வெளியே வரக்கூடாது என்பது ஒரு மரியாதை. வராமலும் இருக்காது.

மலையாள தேசத்துக் கரமனையில் எங்கள் தெருவைப் பற்றி வந்த கடுதாசிகள் எல்லாம் அப்பா பேருக்கு வந்தன. அப்பா கோயில் வேலையில் இருந்தவர், திருநெல்வேலிப் பக்கத்தில் அவருக்குத் தெரியாத குடும்பம் கிடையாது. என் அக்கா கல்யாணத்துக்கு அவரே விசாரித்து எழுதினபோது வந்த பதிலை அவர் படித்த விதம் ஞாபகம் இருக்கிறது. முதலில் ஒரு தரம் சும்மா படிப்பார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையிலும் விரலை வைத்து, "நல்ல குடும்பம் 'என்று கேள்வி' என்கிறானே, என்ன கேள்வி? இவனுக்கா தெரியாது?" என்பார். நேரே 'நல்ல குடும்பம்' என்று எழுதியிருந்தால், "என்ன இவ்வளவு சுருக்கமா முடிச்சுட்டான்?" என்பார். சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. இன்றைக்கும் யாராவது "ரொம்ப நன்னா இருக்கேளே" என்றால் இவன் எதற்கு அடிபோடுகிறான் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அப்பா காலமான பிறகும் கடுதாசிகள் அவர் பேருக்கே வந்துகொண்டிருந்தன. நான் அப்போது சர்க்கார் ஆபீஸில் நகல் எழுதும் குமாஸ்தா. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தக் கர்வமும் இருந்தது. பதில் எழுத ஆரம்பித்தேன். காகிதம் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் வாங்குவது. பக்கத்துக் கடையில் பெருங்காயக் கட்டிகளை மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பார்கள். அதனால் என் காகிதத்தில் எப்போதும் பெருங்காய வாசனை. கடையம் ஊரிலிருந்து ஒருவர், "தங்கள் கடிதம் கிடைத்தது, ரசத்துக்கு உதவும் போலிருக்கிறது" என்று எழுதினார். இப்போது வீட்டில் பெருங்காய டப்பாவைத் திறந்தால்கூட எனக்குக் குழம்பு ஞாபகம் வருவதில்லை. அந்தக் கடுதாசிகள்தான் ஞாபகம் வருகின்றன.

அதில் ஒரு தனிப் பாஷையே இருந்தது, கேட்டேளா. கெட்டது எதையும் கெட்டது என்று எழுதக்கூடாது. பையன் 'ரொம்ப சாது' என்றால் அம்மா சொல்லாமல் வாய் திறக்கமாட்டான். 'சிநேகிதர்கள் அதிகம்' என்றால் சீட்டாட்டம். 'தெய்வபக்தி உள்ளவர்' என்பது மட்டும் தன்னந்தனியாக நின்றால், ஐயா வேறு எந்த வேலையும் செய்வதில்லை. எழுதுகிறவனுக்கும் தெரியும், படிக்கிறவனுக்கும் தெரியும். யாரும் யாரையும் பழிக்கவில்லை. ஆனால் சொல்லவேண்டியது சொல்லியாகிவிட்டது.

புதிதில் நான் ஒரு தப்புச் செய்தேன். எங்கள் தெருவில் நிஜமாகவே தங்கமான பையன் ஒருவன். மனசாரப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதினேன். ஒரு குறை கூடச் சொல்லவில்லை, ஏனென்றால் இல்லை. பெண்ணின் அப்பா பதில் போட்டார்: "இவ்வளவு உத்தமனைப் பற்றி எழுதுகையில் தாங்கள் எதையோ விட்டிருப்பதாகத் தோன்றுகிறது." இடம் தட்டிப்போயிற்று. அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் யாரைப் புகழ்ந்தாலும் நடுவில் ஒரு சின்னக் குறையைப் போட்டுவிடவேண்டியது. குறையைப் பார்த்தால், 'இவன் உள்ளதைச் சொல்கிறான்' என்று நிறைவையும் நம்புவார்கள். மூன்று நாலு இடங்களில் போட்டுப் பார்த்தேன். 'கொஞ்சம் முன்கோபம்', 'நிறம் சற்று மட்டு'. எல்லாம் கூடிவந்தது. எனக்குத் தலை கனத்துப் போயிற்று.

இந்த நேரத்தில்தான் விசாலத்தைப் பற்றிக் கடுதாசி வந்தது.

விசாலம் எங்கள் வீட்டுக்கு நாலாவது வீடு. அப்பா இல்லை. அம்மா பார்வதி மாமி அப்பளம் இட்டு விற்றுப் பெண்ணை வளர்த்தாள். உளுந்து மாவை உலக்கையால் இடிப்பது யார் என்கிறீர்கள்? விசாலம்தான். ஒல்லியாக, உயரமாக இருப்பாள். ஆனால் அவள் உலக்கை போட்டால் எங்கள் வீட்டுக் கூடம் வரைக்கும் சத்தம் கேட்கும். ஆற்றிலிருந்து இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகத் தண்ணீர் கொண்டுவருவாள். ஜலதோஷம் பிடித்துக்கூட நான் பார்த்ததில்லை. மூன்று இடம் ஜாதகத்திலேயே தட்டிப்போய், நாலாவதாக அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு நல்ல இடம் பொருந்திவந்தது. பிள்ளைக்குத் தாலுக்கா ஆபீஸில் உத்தியோகம். பிள்ளையின் அப்பா வக்கீல் குமாஸ்தா. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷமாகச் சாட்சி வாக்குமூலங்களைப் படித்துப் படித்து, எழுதாமல் விட்டதை மோப்பம் பிடிக்கிற மனுஷர்.

மாமி அன்று காலையே வந்துவிட்டாள். எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ. "அம்பி, உனக்கும் எழுதியிருப்பா, சேஷய்யருக்கும் எழுதியிருப்பா. அவரை நான் நம்பல்லை. நீ நன்னா எழுது. இந்த இடம் தட்டிப்போச்சுன்னா எனக்கு இனி நடக்கச் சக்தி கிடையாது." கண்ணில் தண்ணீர்.

சேஷய்யர் என்பவர் எதிர் வரிசையில் இருந்த பென்ஷன் வாங்கின போஸ்ட் மாஸ்டர். உத்தியோகத்தில் இருந்த காலத்தில் ஊர்க் கடுதாசியெல்லாம் ஆவி காட்டிப் பிரித்துப் படித்தார் என்று தெருவில் ஒரு பேச்சு. யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவர் உங்களைப் பார்த்துச் சிரித்தால், நீங்கள் தங்கைக்கு எழுதினதைப் படித்துவிட்டுச் சிரிக்கிற மாதிரியே இருக்கும்.

"நான் பார்த்துக்கறேன் மாமி" என்றேன். நிஜமாகவே விசாலத்துக்கு இந்த இடம் அமையவேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால்தான் என் கைமருந்தைப் போடத் தீர்மானித்தேன். குணம், சமையல், பாட்டு, பெரியவர்களிடம் மரியாதை எல்லாம் எழுதியாயிற்று. இனி ஒரு சின்னக் குறை வேண்டும். குறை என்று பார்த்தால் அவளுடைய ஒல்லிதான். ஆனால் 'ஒல்லி' தெருப் பேச்சு. ஒரு நல்ல கடுதாசியில் அது உட்காராது. 'இளைத்தவள்' என்றால் முன்னே பருமனாக இருந்து இப்போது ஏதோ ஆகிவிட்டது போலத் தொனிக்கும். 'பூஞ்சை உடம்பு' கூடாது, வேலைக்கு ஆகமாட்டாள் என்று நினைப்பார்கள். 'கொடி போன்றவள்' என்று எழுதலாம். ஆனால் கல்யாணமாகாத ஒரு பையன் ஒரு பெண்ணைப் பற்றி அப்படி எழுதினால், வக்கீல் குமாஸ்தா அதற்கு வேறு கேஸ் போடுவார். அரைமணி நேரம் பேனாக்கட்டையைக் கடித்தேன். கடைசியில் வந்தது: 'சற்றே மெலிந்த சரீரம்.' எழுதிவிட்டு ரெண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். என்ன நயம்! எவ்வளவு அடக்கம்! முட்டாள், அதை ரசித்து ரசித்து ஒட்டித் தபாலில் போட்டேன்.

பத்து நாளில் மாமிக்கு ஒரு கார்டு வந்தது. கார்டு என்றால் தபால்காரரில் ஆரம்பித்துத் தெருவே படித்துவிடும். "பெண்ணுக்குச் சரீரம் மெலிவு என்று தெரியவருவதால் பெரியவர்கள் யோசிக்கிறார்கள். மன்னிக்கவும்."

மெலிவு! உங்களுக்கு இது ஒன்றும் இல்லாத மாதிரிப் படும். அந்தக் காலத்தில் க்ஷயம், நீங்கள் காசநோய் என்கிறீர்களே, அது என்றால் ஊர் நடுங்கும். அந்தப் பேரை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். 'மெலிஞ்சுண்டே போனான்' என்பார்கள், அவ்வளவுதான். எனக்கு இது தெரியாதா? தெரியும். எழுதுகிறபோது தோன்றவில்லை. என் கண்ணுக்கு முன்னால் உலக்கை போடுகிற விசாலம் இருந்தாள். அம்பாசமுத்திரத்தில் அந்தக் காகிதத்தைப் பிரித்தவருக்கு முன்னால் விசாலம் இல்லை, அந்த வார்த்தைதான் இருந்தது. புகழ்ச்சிக்கு நடுவில் பயந்து பயந்து வைத்த ஒரு வார்த்தை. 'சற்றே' வேறு. அந்தச் 'சற்றே'தான் அவரைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

மாமி நடுத்தெருவில் நின்று கத்தினாள். சேஷய்யர் வீட்டைப் பார்த்துத்தான். "எந்தப் பாவி எழுதினான்னு எனக்குத் தெரியும்! ஊர்க் கடுதாசியெல்லாம் பிரிச்சுப் படிச்ச கையாக்கும்! என் பொண்ணுக்கு மெலிவா? அந்தக் கை விளங்குமா?" சேஷய்யர் வாசலுக்கு வந்தார், ஒரு நிமிஷம் நின்றார், உள்ளே போனார். அப்புறம் மாமி நேரே என்னிடம் வந்து, "நீ நன்னாத்தான் எழுதினே. எனக்குத் தெரியும் அம்பி" என்று அழுதாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காலம் அப்படிக் கிடக்கு மாமி" என்றேன். இந்த நாக்கை என்ன செய்தால் தகும்!

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. இரண்டு மாசத்துக்குள் அந்த வீட்டு அப்பளத்தை வாங்குகிறவர்கள் குறைந்துபோனார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. 'இந்த மாசம் வேண்டாம்', 'நாகர்கோவிலிலிருந்து வந்திருக்கு', 'வாயு பிடிக்கறது'. எங்கள் அம்மாவே ஒருநாள், "இருக்கு மாமி, இருக்கு" என்று சொல்லி அனுப்பினாள். மாவு இடிக்கும்போது விசாலம் ஒரு தரம் இருமினால் போதும். பக்கத்து வீட்டு ஜன்னல் மூடிக்கொள்ளும். உளுந்துத் தூசியில் யார்தான் இருமமாட்டார்கள்? அந்த இருமல் ராத்திரி என் காதில் திரும்பத் திரும்ப வரும். சிலசமயம் எனக்கே, சொன்னால் வெட்கம், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நிஜமாகவே மெலிந்துதான் போகிறாளோ?

ஒருநாள் சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நான் கூடத்தில் ஆபீஸ் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தேன். விசாலம் நிலைப்படியில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அண்ணா, சேஷய்யர் மாமா எழுதல்லை" என்றாள்.

கையிலிருந்த ஆபீஸ் காகிதத்தைக் கீழே வைத்தேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

"அவர் எழுதியிருந்தா நோஞ்சான்னு எழுதியிருப்பார். நேத்திக்கும் பசுமாட்டைப் பார்த்து அப்படித்தானே சொன்னார். உசிரோடே இருக்கறவாளை மெலிவுன்னு இந்தத் தெருவிலே ஒருத்தரும் பேசமாட்டா. போன உத்சவத்துக்கு அன்னதான நோட்டீஸிலே 'மெலிந்தோர்க்கும் எளியோர்க்கும்'னு எழுதினது யாராக்கும்?"

எழுதினவன் நான்தான். ஊரே அந்த வரியைப் பாராட்டியிருந்தது.

"நல்லதுக்குத்தான் எழுதினேன் விசாலம். எல்லாம் நல்லதாவே எழுதினா நம்பமாட்டான்னு..." என்று என் சூத்திரத்தை விளக்க ஆரம்பித்தேன். அவள் முழுக்கக் கேட்டாள். ஒரு தரம் கூடக் குறுக்கிடவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

"கெட்டதுக்கு எழுதல்லைன்னு தெரியும். அதனாலேதான் அம்மாகிட்டே சொல்லல்லை" என்றாள். "ஒரே ஒரு கடுதாசி எழுதுங்கோ. அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துண்டு எழுதுங்கோ. அப்புறம் சேஷய்யர் மாமா மேலே பழி இல்லைன்னு நீங்களே அம்மாகிட்டே சொல்லிடுங்கோ."

உட்கார்ந்தேன். 'பெண் பூரண ஆரோக்கியம் உடையவள்.' படித்துப் பார்த்தேன். பூரணமா? யார் கேட்டார்கள்? கிழித்தேன். 'முன் கடிதத்தில் மெலிந்த என்று எழுதியது சாதாரண அர்த்தத்தில்தான்.' அப்படியென்றால் அசாதாரண அர்த்தம் ஒன்று இருக்கிறது என்று நானே எடுத்துக் கொடுக்கிறேன். 'எவ்வித வியாதியும் கிடையாது.' ஐயோ, இதுவரைக்கும் யாரும் எழுதாத வியாதியை நான் எழுதுகிறேன். ஒரு சந்தேகத்தை உண்டாக்க ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அதைத் துடைக்க எடுத்த ஒவ்வொரு வார்த்தையும் அதன்மேல் இன்னும் கொஞ்சம் மையைப் பூசியது. மூன்று நாள் எழுதி, கடைசியில் அவள் தண்ணீர் சுமப்பது, உலக்கை போடுவது எல்லாவற்றையும் விவரமாக நாலு பக்கம் எழுதி அனுப்பினேன்.

ஒரு வரியில் பதில் வந்தது. "தாங்கள் இவ்வளவு தூரம் எழுதும்படி நாங்கள் ஒன்றும் கேட்கவில்லையே."

அதை அவளிடம் காட்டவில்லை. ஒரு வாரம் கழித்து ஆற்றங்கரைப் பாதையில் எதிரே வந்தாள். "பதில் வந்ததா அண்ணா?" "வரல்லை" என்றேன். குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டே, "வந்திருக்கும்" என்றாள். போய்விட்டாள்.

மாமியிடமும் நான் சொல்லவில்லை. இன்று, நாளை என்று தள்ளிப்போட்டேன். சேஷய்யரோ அந்த வருஷமே வீட்டை ஒழித்துக்கொண்டு பாலக்காட்டில் இருந்த தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தது நான்தான். பிராயச்சித்தம் என்று நினைப்பு. ஏறி உட்கார்ந்தவர் என் தோளைத் தட்டி, "கடுதாசி எழுதறதெல்லாம் நடக்கறதோல்லியோ? நன்னா எழுது. உனக்கு நல்ல தமிழ்" என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பு, தெரிந்து சிரித்ததா, அவர் எப்போதும் சிரிக்கிற சிரிப்பா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. அதற்குப் பிறகு விசாரிப்புக் கடுதாசி எது வந்தாலும் 'எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை' என்று ஒரே வரி. அந்த ஒரு வரியால் எத்தனை இடம் தட்டிப்போயிற்றோ, அதை நினைத்தால் வேறு பயமாக இருக்கிறது.

விசாலத்துக்கு அப்புறம் இடமே வரவில்லை. அவள் வாத்தியார் பரீட்சை எழுதி வித்துராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். மலையோரம், தினம் மேடேறி இறங்கிப் பள்ளிக்கூடம் போகவேண்டும். முப்பது வருஷத்தில் ஒருநாள் கூட உடம்பு சரியில்லை என்று லீவு எடுத்ததில்லையாம். இதை யார் சொன்னாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கும், உடனே அந்தக் கடுதாசி ஞாபகம் வரும். மாமி அங்கேயே கண்ணை மூடினாள். கடைசி வரைக்கும் சேஷய்யரைச் சபித்துக்கொண்டுதான் இருந்தாளாம்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கரமனைக் கோயிலில் விசாலத்தைப் பார்த்தேன். எனக்கு அப்போதுதான் வயிற்றில் ஆபரேஷன் ஆகி, சட்டை தோளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டிருந்த சமயம். அவள் நன்றாகப் பூசினாற்போல் இருந்தாள். தலை நரைத்து, கண்ணாடி போட்டு, ஹெட்மிஸ்ட்ரஸ் தோரணை. மலையாளத்துப் பிள்ளைகளை அதட்டி அதட்டிக் குரல் தடித்திருந்தது. நான் கும்பிட்டேன். நாற்பது வருஷமாகச் சொல்லவேண்டியது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன அண்ணா, இப்படி மெலிஞ்சு போயிட்டேள்?" என்றாள்.

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் ஏதோ உளறினேன். "உடம்பைப் பார்த்துக்கோங்கோ, கேட்டேளா" என்று சொல்லிவிட்டுப் பிரகாரத்தைச் சுற்றப் போனாள்.

வீட்டுக்கு வந்து அந்த வார்த்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பாரே, அந்த மாதிரி. அது அக்கறையா, கணக்குத் தீர்த்ததா? நோஞ்சான் என்று சொல்லியிருக்கலாம், ஒல்லி, இளைப்பு, எவ்வளவோ வார்த்தை இருக்கிறது. வேண்டுமென்றே அதை எடுத்தாளா, இல்லை, வாத்தியார் ஆனவளுக்கு அது சாதாரணமாக வருகிற பேச்சா? அடுத்த தரம் பார்க்கும்போது நேரே கேட்டுவிடுவது என்றும், கேட்பதற்கு முன்னால் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவது என்றும் தீர்மானித்திருந்தேன்.

மருமகள் அந்த விளம்பரத்தைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அந்தத் தெருவில் இப்போது உலக்கைச் சத்தம் இல்லை. பெருங்காய வாசனை அடிக்கிற கடுதாசியும் இல்லை. அந்த வார்த்தையைக் கேட்டால் ஜன்னலைச் சாத்துகிறவர்களும் இல்லை. போன ஆடியில் விசாலமும் போய்விட்டாள். என்ன உடம்புக்கு என்று விசாரித்தேன். ஒன்றுமில்லையாம், வயசுதானாம்.